பாக்டீரியாவோட மெம்ப்ரேனை உடைக்கிற மருந்து: அஞ்சு ரூட்ல உங்களுக்கு எது?

புதுசா ரிசர்ச்சுக்கு வர்ற பசங்க கிட்ட இருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "ரெசிஸ்டன்ட் பாக்டீரியாவுக்கு எதிரா மெம்ப்ரேனை டார்கெட் பண்ற மருந்துல வேலை பண்ணணும், பெப்டைட் (அமினோ அமிலச் சங்கிலி) எடுக்கவா, பாலிமர் எடுக்கவா, இல்ல சின்ன மாலிக்யூலே போதுமா?" நானும் இதே குழப்பத்துல ஒரு வருஷம் வீணாக்கினவன்தான், அதனால தெரிஞ்சதை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

மெம்ப்ரேன்னா செல்லைப் போர்த்தியிருக்கிற மெல்லிய கொழுப்புப் படலம். அது ஏன்னு ரொம்ப சுருக்கமா. 2019-ல மட்டும் ரெசிஸ்டன்ஸ் (மருந்துக்கு பாக்டீரியா அடங்காம போறது) நேரடிக் காரணமா இருந்த சாவு உலகம் முழுக்க கிட்டத்தட்ட 12.7 லட்சம்னு கணக்கு போட்டிருக்காங்க. நம்ம கையில இருக்கிற முக்கால்வாசி ஆன்டிபயாட்டிக் பாக்டீரியா வளர்ற நேரத்துலதான் நல்லா வேலை செய்யும், ஏன்னா செல் சுவர் கட்டுறது, புரோட்டீன் செய்யறது, டிஎன்ஏ காப்பி எடுக்கிறதுன்னு நடந்துட்டு இருக்கிற ஒரு வேலையைத்தான் அது தடுக்குது. பாக்டீரியா சும்மா தூங்கிட்டு இருந்தா தடுக்க அங்க ஒண்ணும் இல்ல. ஆனா தூங்குற பாக்டீரியாவுக்கும் மெம்ப்ரேன் வேணும், அதுல ஓட்டை விழுந்தா செத்துடும். இந்த ஃபீல்டோட மொத்த நம்பிக்கையும் இதுலதான் இருக்கு.

## முதல்ல அளவுகோல்

எல்லாரும் எம்ஐசி-ல இருந்து ஆரம்பிப்பாங்க. எவ்ளோ கம்மி மருந்துல வளர்ச்சி நிக்குதுங்கிற அந்த ஒரு நம்பரை வச்சு ரூட்டை முடிவு பண்ணாதீங்க, மெம்ப்ரேனை உடைக்கிற பொருள் கிடைக்கிறது கஷ்டமே இல்ல, சோப்பும்தான் உடைக்கும். நான் பார்க்கிறது இந்த அஞ்சு.

நம்ம செல்லை விட்டு வைக்குதா? பாக்டீரியா மெம்ப்ரேன்ல ஃபாஸ்ஃபாடிடில் கிளிசரால், கார்டியோலிபின் மாதிரி நெகட்டிவ் சார்ஜ் லிப்பிட் (கொழுப்பு) இருக்கு. நம்ம ரத்த சிவப்பணுவோட வெளிப்பக்கம் பெரும்பாலும் ஃபாஸ்ஃபாடிடில் கோலின், ஸ்ஃபிங்கோமைலின், கூடவே கொலஸ்ட்ரால், மொத்தத்துல சார்ஜ் நியூட்ரல். நம்ம செலக்டிவிட்டி பெரும்பாலும் இந்த வித்தியாசத்துலதான் தொங்குது. பாசிட்டிவ் சார்ஜ் பாக்டீரியா கிட்ட கூட்டிட்டுப் போகும், கொழுப்புல ஒட்டுற பகுதி உள்ள இறங்கி உடைக்கும். உடைக்கிற சக்தி போதலன்னு அந்தக் கொழுப்புப் பகுதியைக் கூட்டிக்கிட்டே போனா ஒரு கட்டத்துல சார்ஜ் வித்தியாசம் எல்லாம் பொருட்டே இல்லாம எல்லா செல்லையும் உடைக்க ஆரம்பிச்சிடும். ஹீமோலிசிஸ் டெஸ்ட் (சிவப்பணு உடையுதான்னு பார்க்கிறது) பண்ணினவங்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. உருண்டை அடி பிளேட்டை சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி எடுத்தா நல்ல வெல்லுல (பிளேட்ல இருக்கிற குழி) சிவப்பணு எல்லாம் அடியில பொட்டு மாதிரி உக்காந்து மேல தண்ணி தெளிவா நிக்கும், கெட்ட வெல்லுல பொட்டே இருக்காது, தண்ணி முழுக்க செக்கச்செவேல்னு இருக்கும். இதுல பாதி சிவப்பணு உடையற அளவை மட்டும் ரிப்போர்ட் பண்றது பழக்கமாயிடுச்சு, ஆனா நோயாளி உடம்புல பாதி சிவப்பணு உடைய யார் விடப்போறா? பத்து சதவீதம் உடையற அளவைப் பாருங்க, அதுவும் ஒரு மணி நேரத்தோட நிறுத்தாம ராத்திரி முழுக்க வச்சுப் பாருங்க.

ரத்தத்துக்குள்ள உயிரோட இருக்குமா? உப்பு, கால்சியம், மக்னீசியம், சீரம் புரோட்டீன், புரோட்டியேஸ் (புரோட்டீனை வெட்டுற என்சைம்) எல்லாம் சேர்ந்து நம்ம மாலிக்யூலை ஒரு வழி பண்ணிடும். சாதா மீடியாவுல 2 மைக்ரோகிராம் எம்ஐசி காட்டின ஒரு பெப்டைட், பாதி சீரம் சேர்த்த உடனே 64-க்குப் போனதை நானே பார்த்திருக்கேன்.

இன்ஃபெக்‌ஷன் எங்க இருக்கு? தோல்ல புண்ணா, நுரையீரலா, ரத்தமா, சிறுநீர்ப் பாதையா. ரூட்டை முடிவு பண்றதே இந்தக் கேள்விதான்னு இப்போ நான் உறுதியா நினைக்கிறேன்.

ரெசிஸ்டன்ஸ் எந்த வழியா வரும்? "மெம்ப்ரேனை அடிச்சா ரெசிஸ்டன்ஸே வராது"ன்னு ப்ரொபோசல்ல எழுதாதீங்க, அது உண்மை இல்ல, கீழ விவரமா வருது.

உங்களால செய்ய முடியுமா? ஆள், கெமிஸ்ட்ரி வசதி, நேரம்.

## ரூட் 1: இயற்கை பெப்டைட், அதைத் திருத்தி எழுதுறது

1987-ல மைக்கேல் ஜாஸ்லாஃப் ஆப்பிரிக்கத் தவளைக்கு ஆபரேஷன் பண்ணி, சுத்தமே இல்லாத தண்ணித் தொட்டியில திரும்ப விட்டும் புண்ணு சீழ் பிடிக்காம ஆறுறதை கவனிச்சு, அந்தத் தோல்ல இருந்து மகைனின் பெப்டைடைப் பிரிச்செடுத்தாரு. அதுக்கு முன்னாடியே 1981-ல ஹான்ஸ் போமன் குழு பட்டுப்பூச்சி இனத்துல இருந்து செக்ரோப்பின்ங்கிற பெப்டைடை காட்டிட்டாங்க. ஐடியா வந்து 40 வருஷம் தாண்டியாச்சு. மகைனின்ல இருந்து திருத்தி எடுத்த 22 அமினோ அமில பெக்சிகனான் நீரிழிவுக் கால் புண்ணுக்கு க்ரீமா கடைசிக் கட்டம் வரைக்கும் போச்சு, 1999-ல அமெரிக்க எஃப்டிஏ அனுமதி தரல.

இந்த ரூட்டோட பெரிய வசதி, ஆரம்பிக்க ரொம்ப சுலபம். சீக்வென்ஸ் எழுதி ஆர்டர் போட்டா வந்துடும், லைசினை ஆர்ஜினைனா மாத்து, ட்ரிப்டோஃபேன் ஒண்ணு சேர், டி-அமினோ அமிலம் போட்டா புரோட்டியேஸ் வெட்டாது, வளையமாக்கினா இன்னும் நல்லா நிக்கும். ஒரு மாசத்துல இருபது வேரியன்ட் கையில இருக்கும். ஆரம்பிக்க எவ்ளோ சுலபமோ முடிக்க அவ்ளோ கஷ்டம், அதுதான் பிரச்சனை.

மறைஞ்சிருக்கிற செலவு ரெண்டு சொல்றேன். ஒண்ணு, எச்பிஎல்சி மெஷின்ல சுத்தம் பண்ணி வர்ற பெப்டைட் பெரும்பாலும் டிஎஃப்ஏ (ட்ரைஃப்ளோரோஅசிட்டிக் அமிலம்) உப்பா வரும். எட்டு லைசின் உள்ள 2400 டால்டன் பெப்டைட்னு வைங்க, அந்த எட்டோட என்-முனையையும் சேர்த்தா ஒன்பது பாசிட்டிவ் சார்ஜ், ஒவ்வொண்ணுக்கும் 114 டால்டன் டிஎஃப்ஏ. அப்போ நீங்க ஒரு மில்லிகிராம்னு எடை போட்டதுல கிட்டத்தட்ட 30 சதவீதம் பெப்டைடே இல்ல. எம்ஐசி கணக்கு மொத்தமா தப்பும், டிஎஃப்ஏ-வே செல்லை பாதிச்சு டாக்சிசிட்டி டெஸ்டையும் குழப்பும். அசிடேட் அல்லது குளோரைட் உப்பா மாத்திக் கேளுங்க, நிகர பெப்டைட் அளவையும் கேட்டு வாங்குங்க.

ரெண்டாவது, பாசிட்டிவ் சார்ஜ் பெப்டைட் பிளாஸ்டிக்ல ஒட்டும். எங்க பெஞ்சுல ஒரு பெப்டைட் வாரா வாரம் வீக்காயிட்டே போச்சு, கெட்டுப்போகுதுன்னு நினைச்சு மூணு மாசம் ஸ்டெபிலிட்டி டெஸ்ட் பண்ணினோம், மாஸ் ஸ்பெக் பார்த்தா மாலிக்யூல் அப்படியே இருக்கு. கடைசியில பார்த்தா டைல்யூட் பண்ணி வச்ச பாலிஸ்டைரீன் ட்யூப் சுவர்லயே பாதி ஒட்டிக்கிச்சு. பாலிப்ரோப்பிலீனுக்கு மாறின அன்னைக்கே எம்ஐசி பழைய இடத்துக்கு வந்துடுச்சு.

எப்போ இது சரி: தோல், புண், கண் மாதிரி மேலே தடவுற இடம். மெக்கானிசம் படிக்கிறதுதான் நோக்கம்னாலும் இதைவிட நல்ல ரூட் இல்ல. ரத்தத்துல ஊசியா போடணும்னா இதை முதல் சாய்ஸா வைக்கமாட்டேன்.

## ரூட் 2: லிப்போபெப்டைட், நிஜமாவே ஜெயிச்ச குடும்பம்

லிப்போபெப்டைட்னா கொழுப்பு வால் ஒட்டின பெப்டைட். மெம்ப்ரேன் மருந்துல ஆஸ்பத்திரி வரைக்கும் போய் உயிரைக் காப்பாத்துறதுன்னு பார்த்தா முன்னாடி நிக்கிறது இந்தக் குடும்பம்தான். கிராம் நெகட்டிவ்க்கு (வெளியில இன்னொரு மெம்ப்ரேன் போர்த்தின பாக்டீரியா) பாலிமிக்ஸின் பி, கொலிஸ்டின். கிராம் பாசிட்டிவ்க்கு (அந்த வெளி மெம்ப்ரேன் இல்லாதது) டாப்டோமைசின். இந்த ரெண்டு கதையையும் முழுசா தெரிஞ்சுக்காம யாரும் இந்த ஃபீல்டுக்குள்ள வரக்கூடாதுன்னு நினைக்கிறேன்.

டாப்டோமைசினை 1980-கள்ல எலை லில்லி கண்டுபிடிச்சாங்க, ஒரு நாளைக்கு ரெண்டு டோஸ் கொடுத்தப்போ தசை பாதிப்பு வந்ததால நிறுத்தி வச்சாங்க. அப்புறம் க்யூபிஸ்ட் 1997-ல வாங்கி ஒரு நாளைக்கு ஒரே டோஸா மாத்தினதும் தசைக்கு ஓய்வு கிடைச்சு பிரச்சனை அடங்கிச்சு, 2003-ல தோல் இன்ஃபெக்‌ஷனுக்கு அனுமதி, 2006-ல ஸ்டாஃப் ஆரியஸ் (ஒரு கிராம் பாசிட்டிவ் பாக்டீரியா) ரத்த இன்ஃபெக்‌ஷனுக்கும். மாலிக்யூல்ல ஒரு அணு கூட மாறல, கொடுக்கிற இடைவெளி மாறிச்சு, அவ்ளோதான். ஆனா அதே மருந்து நிமோனியாவுல தோத்துச்சு. நுரையீரல்ல இருக்கிற சர்ஃபேக்டன்ட்ல ஃபாஸ்ஃபாடிடில் கிளிசரால் இருக்கு, டாப்டோமைசின் தேடிப்போற அதே லிப்பிட், அதனால மருந்து பாக்டீரியா கிட்ட போகாம அங்கேயே மாட்டிக்குது. இன்ஃபெக்‌ஷன் எங்கன்னு முதல்ல கேளுங்கன்னு நான் அடிச்சுக்கிறது இதுக்குத்தான்.

கொலிஸ்டின் 1959-ல இருந்து பயன்பாட்டுல இருந்துச்சு, 70-கள்ல கிட்னி பாதிப்பால ஓரம் கட்டினாங்க, வேற வழி இல்லாம திரும்பக் கொண்டு வந்தாங்க. 2015 நவம்பர்ல சீனாவுல இருந்து எம்சிஆர்-1 ஜீன் ரிப்போர்ட் ஆச்சு. லிப்பிட் ஏ-ல (வெளி மெம்ப்ரேன்ல கொலிஸ்டின் ஒட்டுற பகுதி) ஃபாஸ்ஃபோஎத்தனோலமைனை ஒட்டி நெகட்டிவ் சார்ஜைக் குறைச்சிடும், அதுவும் பிளாஸ்மிட்ல (தனியா இருக்கிற சின்ன டிஎன்ஏ வளையம்) இருக்கிறதால ஒரு பாக்டீரியாவுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவும். அசினெட்டோபாக்டர்ங்கிற கிராம் நெகட்டிவ் பாக்டீரியா அதுக்கும் மேல, எல்பிஎக்ஸ் ஜீன்களை உடைச்சு, லிப்பிட் ஏ இருக்கிற லிப்போபாலிசாக்கரைடையே மொத்தமா தூக்கிப் போட்டுட்டு கொலிஸ்டின் ஒட்டவே இடம் இல்லாம பண்ணிடுது. ஸ்டாஃப் எம்பிஆர்எஃப்ங்கிற என்சைம் மூலமா மெம்ப்ரேன் லிப்பிட்ல லைசினை ஒட்டி பாசிட்டிவ் ஆக்கிக்குது. ரெசிஸ்டன்ஸ் வராதுன்னு எழுதாதீங்கன்னு மேல சொன்னேனே, அதுக்குக் காரணம் இதெல்லாம்தான்.

மறைஞ்ச செலவு: கெமிஸ்ட்ரி கஷ்டம் (வளையம், கொழுப்பு வால், சாதாரணமா கிடைக்காத டயமினோபியூட்டிரிக் அமிலம்), டெஸ்டிங் அதைவிடக் கஷ்டம். கொலிஸ்டினுக்கு டிஸ்க் டெஸ்ட் நம்ப முடியாது, ப்ராத் மைக்ரோடைல்யூஷன்தான் (திரவ மீடியாவுல மருந்தைப் படிப்படியா கலக்கிப் பார்க்கிறது) பண்ணணும். டாப்டோமைசினுக்கு மீடியாவுல கால்சியம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் இருக்கணும், சாதா எம்எச்-2 (முல்லர்-ஹின்டன்) மீடியாவுல இருக்கிற 20-25 போதாது. இது தெரியாம "என் ஸ்ட்ரெயின் ரெசிஸ்டன்ட்"னு முடிவு கட்டினவங்க இருக்காங்க. கிட்னி பிரச்சனையும் சின்னது இல்ல, கிட்னியோட ப்ராக்ஸிமல் ட்யூப்யூல் செல் மெகாலின்ங்கிற புரோட்டீன் வழியா பாலிமிக்ஸினை தானே உள்ள இழுத்து சேர்த்து வைக்குது, அதனால கிட்னி செல் டெஸ்டை கடைசிக்கு தள்ளிப் போடாதீங்க.

எப்போ சரி: நல்ல பெப்டைட் கெமிஸ்ட் கூட இருந்தா, ரத்தத்துல போடுற மருந்து வேணும்னா, இருக்கிற மருந்தோட ஒரே ஒரு குறையைத் திருத்துறதுதான் டார்கெட்னா.

## ரூட் 3: சின்ன மாலிக்யூல்

பெப்டைட் மாதிரியே ஒரு பக்கம் சார்ஜ், ஒரு பக்கம் கொழுப்பு, ஆனா உருவம் சின்னது. புரோட்டியேஸ் பயம் இல்ல, நூத்துக்கணக்குல அனலாக் செய்யலாம். 2018-ல சிடி437-ங்கிற ரெட்டினாய்ட் எம்ஆர்எஸ்ஏ-வோட (மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃப் ஆரியஸ்) தூங்குற செல்லையும் கொல்லுதுன்னு காட்டினாங்க. 2020-ல எம்ஐடி-ல மெஷின் லேர்னிங் வச்சு தேடிக் கண்டுபிடிச்ச ஹாலிசின், மெம்ப்ரேனை கிழிக்காம அதுல இருக்கிற புரோட்டான் ஏற்றத்தாழ்வைக் கலைச்சு கொல்லுது. இது முக்கியமான பாடம், ஓட்டை போடுறது மட்டும்தான் வழின்னு இல்ல, மெம்ப்ரேன் பண்ற வேலையைக் கெடுத்தாலும் போதும்.

இங்க இருக்கிற பொறி என்னன்னா, தற்செயலா கொழுப்பும் சார்ஜும் சேர்ந்த எந்தப் பொருளும் ஸ்கிரீன்ல ஹிட்டா வரும். ப்ரொப்பிடியம் அயோடைட் (பிஐ) சாயம் உள்ள போச்சுன்னா ஓட்டை விழுந்துச்சுன்னு அர்த்தம், அதனாலதான் செத்துச்சான்னு அது சொல்லாது, வேற காரணத்துல செத்த செல்லும் கொஞ்ச நேரம் கழிச்சு அதே மாதிரி கலர் காட்டும். நேரத்தை வச்சுப் பாருங்க, கலர் ஏறுறதும் செல் எண்ணிக்கை விழுறதும் சேர்ந்தே நடக்குதா, இல்ல ஒரு மணி நேரம் கழிச்சா? வெளி மெம்ப்ரேனுக்கு என்பிஎன் சாயம், வோல்டேஜுக்கு டிஸ்க்-3-5 சாயம், உள் மெம்ப்ரேனுக்கு பிஐ, மூணும் வேணும்.

எப்போ சரி: எம்ஆர்எஸ்ஏ மாதிரி கிராம் பாசிட்டிவ், பயோஃபில்ம் (பாக்டீரியா கூட்டமா ஒட்டிக் கட்டுற படலம்), நாள்பட்ட இன்ஃபெக்‌ஷன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப்ல இருக்கிறவங்களுக்கு இதுதான் இயல்பான இடம்.

## ரூட் 4: பாலிமர்

நிறைய அளவுல செய்யலாம், பெப்டைடை விட செலவு ரொம்பக் கம்மி. 2016-ல மெல்போர்ன் குழு லைசின், வாலின் வச்சு நட்சத்திர வடிவ பெப்டைட் பாலிமர் செஞ்சு கிராம் நெகட்டிவ் மேல நல்ல ரிசல்ட் காட்டினாங்க. ஆனா பாலிமர்னா ஒரே மாலிக்யூல் இல்ல, நீளம் வேற வேறயா இருக்கிற ஒரு கூட்டம். ஒவ்வொரு பேட்ச்சும் கொஞ்சம் மாறும், எந்த நீளம் கொல்லுது எது டாக்சிக்னு பிரிக்கிறது பெரும்பாடு, உடம்புல இருந்து எப்படி வெளிய போகும்ங்கிற கேள்விக்கும் பதில் வேணும். கத்தீட்டர் கோட்டிங், பேண்டேஜ், இம்ப்ளான்ட் மேற்பரப்பு இதுக்கெல்லாம் கண்ணை மூடிட்டு இதை எடுங்க. ஊசி மருந்துக்கு வேணாம்.

## ரூட் 5: கதவைத் திறந்து விடுற துணை மருந்து

என் மனசுக்கு நெருக்கமானது இது, அதையும் தெரிஞ்சுக்கிட்டே படிங்க. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவோட வெளி மெம்ப்ரேன்தான் பாதி ஆன்டிபயாட்டிக்கை வெளியவே நிறுத்துது, போரின்ங்கிற புரோட்டீன் துவாரம் வழியா சுமார் 600 டால்டனுக்கு மேல உள்ளது நுழையறது கஷ்டம், ரிஃபாம்பிசின்ங்கிற ஆன்டிபயாட்டிக் 823. கொல்லவே வேணாம், வெளி மெம்ப்ரேனை மட்டும் தளர்த்திவிட்டா ரிஃபாம்பிசின் உள்ள போய் மிச்ச வேலையைப் பார்த்துக்கும். 1983-லயே மார்ட்டி வாரா, டிமோ வாரா ரெண்டு பேரும் பாலிமிக்ஸினோட கொழுப்பு வாலை வெட்டின நோனாபெப்டைட் இதைப் பண்ணுதுன்னு காட்டிட்டாங்க. பிறகு வந்த எஸ்பிஆர்741-ல பாசிட்டிவ் சார்ஜை அஞ்சுல இருந்து மூணா குறைச்சாங்க, ஆரோக்கியமான ஆட்கள் மேல நடந்த முதல் கட்ட டெஸ்ட்ல நல்லா தாங்கினாங்க.

என்னை உலுக்கின விஷயம் 2018-ல வந்துச்சு. எம்சிஆர்-1 இருக்கிற பாக்டீரியாவை கொலிஸ்டின் தனியா கொல்லல, ஆனா அதோட வெளி மெம்ப்ரேனை அப்பவும் கலைக்குது, கூட ரிஃபாம்பிசினோ கிளாரித்ரோமைசினோ கொடுத்தா வேலை முடியுது. அதாவது ரெசிஸ்டன்ட்னு நாம எழுதி வச்சிட்ட பாக்டீரியாவோட கதவு இன்னும் பாதி திறந்துதான் இருக்கு.

மறைஞ்ச செலவு இங்கதான் ரொம்பப் பெருசு. ரெண்டு மருந்தும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல தேவையான அளவுல இருக்கணும், ஒரு மருந்து ரெண்டு மணி நேரத்துல வெளிய போயி இன்னொண்ணு பத்து மணி நேரம் நின்னா பிளேட்ல கிடைச்ச சினெர்ஜி உடம்புல கிடைக்காது. ட்ரையல்லயும் ரெண்டுக்கும் தனித்தனியா பதில் சொல்லணும். செக்கர்போர்டுல (ரெண்டு மருந்தையும் பல அளவுல கலந்து பார்க்கிற பிளேட்) எஃப்ஐசி (ரெண்டும் சேர்ந்து எவ்ளோ நல்லா வேலை செய்யுதுங்கிற நம்பர்) 0.5-க்குக் கீழ வந்துச்சுன்னு துள்ளாதீங்க, டைம்-கில் (நேரம் ஆக ஆக எத்தனை செல் சாகுதுன்னு எண்றது) பண்ணுங்க.

எப்போ சரி: கிராம் நெகட்டிவ், உங்க கிட்ட பெரிய கெமிஸ்ட்ரி இல்ல, மைக்ரோபயாலஜி ஸ்ட்ராங். சின்ன குழுவுக்கு நான் முதல்ல சொல்றது இதைத்தான்.

பக்கத்துலயே இன்னொரு பாதை இருக்கு, மெம்ப்ரேனை உடைக்காம அதைக் கட்டுற மெஷினை நிறுத்துறது. 2024-ல வெளியான சோசுராபால்பின் அசினெட்டோபாக்டர்ல லிப்போபாலிசாக்கரைடை வெளிய கொண்டு போற பம்ப்பை அடைக்குது, செலக்டிவிட்டி அருமை, ஆனா ஒரு இனத்துக்கு மட்டும். அதே வழியில இருக்கிற எல்பிடிடி புரோட்டீனை பிடிச்ச முரேபவாடின் சூடோமோனாஸ்க்கு மூணாம் கட்டம் போயும் கிட்னி பாதிப்பால 2019-ல நிறுத்தினாங்க. ஸ்ட்ரக்சுரல் பயாலஜி கையில இல்லாம இதுல இறங்காதீங்க.

## ஒரே பார்வையில

| ரூட் | செலக்டிவிட்டி | சீரத்துல நிக்குமா | பொருத்தமான இடம் | எங்க அடி விழும் |
|---|---|---|---|---|
| இயற்கை பெப்டைட் | நடுத்தரம் | பெரும்பாலும் இல்ல | தோல், புண், கண் | புரோட்டியேஸ், உப்பு, டிஎஃப்ஏ |
| லிப்போபெப்டைட் | நிரூபிச்சது, எல்லை உண்டு | ஆமா | ரத்தம் | கிட்னி, தசை, கெமிஸ்ட்ரி |
| சின்ன மாலிக்யூல் | மாலிக்யூலைப் பொறுத்தது | புரோட்டீன்ல ஒட்டும் | எம்ஆர்எஸ்ஏ, பயோஃபில்ம் | பொய் ஹிட் |
| பாலிமர் | கம்மில இருந்து நடுத்தரம் | கலவையா | கோட்டிங், பேண்டேஜ் | பேட்ச் வித்தியாசம் |
| துணை மருந்து | நல்லது | நடுத்தரம் | கிராம் நெகட்டிவ் | ரெண்டு மருந்தோட நேரப் பொருத்தம் |

## இன்னும் முடிவு வரலையா

அப்போ ரூட்டை மாலிக்யூலே சொல்லட்டும். ஒவ்வொரு ரூட்ல இருந்தும் ரெண்டு பொருளை வாங்கியோ கேட்டோ எடுத்து பாலிப்ரோப்பிலீன் பிளேட்ல நாலு வரிசை வைங்க: சாதா எம்எச்-2 மீடியா, அதோட பாதி சீரம், அதோட 150 மில்லிமோலார் உப்பு, கடைசி வரிசையில பாக்டீரியாவுக்குப் பதிலா சிவப்பணு. முதல் வரிசையில ஜெயிச்சு ரெண்டாவதுல எம்ஐசி எட்டு மடங்குக்கு மேல ஏறுறதை ஊசி மருந்து லிஸ்ட்ல இருந்து எடுத்து தோலுக்குன்னு தனியா வைங்க. நாலாவதுல சிவந்ததை அப்படியே விட்டுடுங்க, எம்ஐசி எவ்ளோ அழகா இருந்தாலும். முதல் வரிசையை ரிஃபாம்பிசின் சேர்த்தும் ஒரு தடவை வைங்க, தானா கொல்லாம இருந்தும் ரிஃபாம்பிசினோட எம்ஐசியை எட்டு மடங்கு இறக்குற ஏதாவது ஒண்ணு மாட்டும், வீக்னு சொல்லி அதைத் தூக்கிப் போடாம ஃப்ரீசர்ல பத்திரமா வைங்க, அஞ்சாவது ரூட்டுக்கு அதுதான் உங்க முதல் மாலிக்யூல்.